எல்லாவற்றுக்கும் 'ஆச்சு' சொன்ன சிமுலேட்டர்

கம்ப்யூட்டர் எஞ்சினியர் அன்று சபதமே போட்டுவிட்டார். "சனிக்கிழமைக்குள்ள இந்த சிமுலேட்டரை முடிச்சுட்டா, பரண் பக்கமே நான் எட்டிப் பார்க்க மாட்டேன். சம்மதமா?"

"முடிக்கலைன்னா?" என்றாள் மனைவி.

"நானே ஏறிச் சுத்தம் பண்றேன். ஒட்டடை, ஓட்டைப் பெட்டி, உன் அண்ணன் தள்ளிவிட்டுப் போன உடைஞ்ச கட்டில், எல்லாத்தையும்!"

சிமுலேட்டர் என்றால் வேறொன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு சிப் இருப்பதுபோல் நடிக்கும் புரோகிராம். ஆபீஸில் இருந்ததோ அரதப் பழசு. புதுச் சிப்பின் கட்டளைகள் அதற்குப் புரியாது. அவற்றைப் புரியவைப்பதுதான் மனிதருக்கு வந்து வாய்த்த வேலை. திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வீடே அதிர்ந்தது. "எல்லாச் சோதனையும் பாஸ்! பரணாவது, மண்ணாங்கட்டியாவது!" துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி ஓர் ஆட்டம் வேறு.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டளைக்கும் நேராக வரிசையாய் 'ஆச்சு', 'ஆச்சு', 'ஆச்சு'.

"ஏங்க, ஒரு இடத்துலகூட முக்கலை, முனகலை. எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு."

"உனக்கு இதுல என்ன தெரியும்?"

"இத்தனை வருஷமா உங்களோட குடும்பம் நடத்தறேனே! குழாயை மாத்துங்கன்னா 'ஆச்சு'. கொடியில துணியை எடுங்கன்னா 'ஆச்சு'. தலையைக்கூட நிமிர்த்த மாட்டீங்க. நகருங்க."

நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு, கட்டளை கொடுக்கும் இடத்தில் தட்டினாள்: 'பரணைச் சுத்தம் பண்ணு'.

சிமுலேட்டர் கொஞ்சமும் கூசாமல் சொன்னது: 'ஆச்சு'.

எஞ்சினியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாழாய்ப்போன சிமுலேட்டர், புரியாத கட்டளை வந்தால் 'புரியலை' என்று ஒப்புக்கொள்ளாமல், ஒன்றுமே செய்யாமல் தாண்டிப்போய் 'ஆச்சு' போட்டுக்கொண்டிருந்திருக்கிறது! இவர் சேர்த்த புதுக் கட்டளைகளில் பாதியை அது சீண்டவே இல்லை.

"ஐயையோ! திங்கட்கிழமை என் மானம் கப்பலேறியிருக்குமே! தெய்வம்மா நீ!" அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இப்பவே உட்கார்ந்து சரிபண்ணிடறேன்."

"அதை நாளைக்குப் பண்ணுங்க. இன்னிக்குப் பரண்."

ஏணியைச் சாய்த்துவைத்துப் பரணில் ஏறினார். கட்டிலில் சௌகரியமாகச் சாய்ந்தார். பெட்டியைக் கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் உருட்டிச் சத்தம் காட்டிவிட்டு, கீழே குரல் கொடுத்தார். "ஆச்சும்மா!"

இறங்கலாம் என்று காலை நீட்டினார். ஏணியைக் காணோம்.

"கடைக்குப் போயிட்டு வந்து ஒரு தடவை பார்த்துடறேங்க," என்று வாசலிலிருந்து குரல் வந்தது.