மூலவட்டு மாற்றுப் படலம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவன் யாரென்று சரித்திரத்துக்குத் தெரியாது. போகட்டும், விடுங்கள். கம்ப்யூட்டர் சிடிக்கு முதன்முதலில் சந்தனம் குங்குமம் இட்டவர் யாரென்று நமக்குத் தெரியும். மந்தைவெளி ஆற்றங்கரைவாசிகள் மறுவாழ்வு அலுவலகத்தின் கண்காணிப்பாளர் வேதாந்தம்தான் அவர். 1997-ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று விஞ்ஞானத்தையும் மெய்ஞ்ஞானத்தையும் ஒரே தாம்பாளத்தில் உட்காரவைத்த மகான்.

அலுவலகத்துக்கு அந்த வருஷம்தான் லேப்டாப் வந்திருந்தது. கூடவே ஒரு சிடி. பெட்டி படுத்துவிட்டால் இந்த வட்டைப் போட்டுத்தான் எழுப்ப வேண்டும், உயிரே இதில்தான் இருக்கிறது என்று விற்றவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். உயிர் என்றால் முதல் பொட்டு அதற்குத்தானே? ஒரு பக்கத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. எழுத்து சரஸ்வதி, அதை மறைக்கலாமா? வேதாந்தம் வட்டைத் திருப்பி, கண்ணாடியாக மின்னிய பக்கத்தில் தாராளமாகச் சந்தனம் குழைத்து அப்பி, நடுவே குங்குமம் வைத்தார். மறுநாள் உதவியாளர் ஜெயலக்ஷ்மி பூஜைப் பாத்திரங்களோடு அதையும் சேர்த்து, புளி போட்டு, தேங்காய் நாரால் பரபரவென்று தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அடடா, என்ன ஒரு பொறுப்பு!

அன்றைக்குப் பார்த்து லேப்டாப் படுத்துவிட்டது. வட்டைப் போட்டார்கள். கர்ரென்று அரைத்தது. சாயங்காலம் வரை அரைத்துக்கொண்டே இருந்தது.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பீர்கள். தேவானைக்குத்தான் நஷ்டம். அடையாற்றங்கரையில் ஓட்டைக் குடிசை, கைக்குழந்தையோடு இன்னொன்று, ஐப்பசி மழை வேறு ஆரம்பித்துவிட்டது. புதுக் குடியிருப்பில் அவளுக்கு வீடு தயார். சாவிகூட வேதாந்தத்தின் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

"சாவில எம்பேரு எழுதிகீதே சார். குடுத்தீங்கன்னா போய்க்கினே இருப்பேன்."

"அது ஜெயலக்ஷ்மி கையால எழுதினது, செல்லாதும்மா. ஒதுக்கீட்டு உத்தரவு இனிமே கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வரணும். யுகம் மாறிடுத்து."

"அந்தப் பொட்டிக்கு இன்னா சார்?"

"தற்காலிக ஓய்வு."

"ஆத்துல தண்ணி ஏறிக்கினு கீது சார்."

"நாங்களும் முழு மூச்சா செயல்பட்டுண்டுதானே இருக்கோம்!"

செயல்பட்டார்கள். வேதாந்தம் வட்டைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, தியாகராய நகரில் லேப்டாப் விற்ற அன்வர் பாஷாவின் கடைக்குப் போனார். பாஷா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் முகர்ந்து பார்த்தார்.

"சார், இது சிடி. வெங்கலச் சொம்பு இல்ல."

"ரொம்ப மரியாதையாத்தான் வெச்சிருந்தோம்."

"அது தெரியுது சார். சரி, கெட்டுப்போனத இங்கயே குடுத்துட்டுப் போங்க. கம்பெனிக்கு அனுப்பினா புதுசு வந்துடும்."

வேறொருவர் என்றால் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடையில் காப்பி குடித்துவிட்டு வந்திருப்பார். வேதாந்தமா அப்படிச் செய்வார்? அரசாங்கச் சொத்து! 'உபயோகமற்றது' என்று ஒரு குழு கூடி அறிவிக்காமல் தனியார் கையில் கொடுத்தால் பென்ஷன் என்ன ஆவது? வெடுக்கென்று பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

குழு கூடியது. கீரை வடை வந்தது. வட்டு பழுதா இல்லையா என்பதை லேப்டாப்பில் போட்டு நேரில் பார்த்தால்தான் சான்றளிக்க முடியும் என்றது குழு. லேப்டாப் எழுந்தால்தான் பார்க்க முடியும். நல்ல வட்டு வந்தால்தான் லேப்டாப் எழும். பழையதைக் கழித்தால்தான் நல்லது வரும். குழு இன்னொரு வடையை எடுத்துக்கொண்டு ஆழ்ந்து யோசித்தது.

"ரெண்டா ஒடைச்சுட்டா சந்தேகமே வராதே சார்?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

பிரமாதம்! பீரோவின் காலடியில் வைத்து முறையாக உடைத்தார்கள். ஒரு பாதி அரசாங்கச் சாட்சியாகக் கோப்புக்குப் போயிற்று. மறு பாதி பாஷாவிடம் போயிற்று.

"மீதி எங்க சார்?"

"பத்திரமா இருக்கு, கவலைப்படாதீங்கோ."

பாஷா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நல்ல மனுஷன், தம் கைப்பணம் போட்டே புதிய வட்டை வரவழைத்துக் கொடுத்துவிட்டார். பெட்டி விழித்தது. பிரிண்டர் உத்தரவுகளைத் துப்பத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் வட்டோடு வந்திருந்த துண்டுக் காகிதம் வேதாந்தத்தின் கண்ணில் பட்டது. 'ஈரம் படாத, வெயில் படாத, காற்றோட்டமான, பூட்டிய இடத்தில் வைக்கவும். நனைந்தால் பயன்படாது.'

அண்ணாந்து பார்த்தார். அலுவலகக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பட்டது போதாதா? ஈரம் படாத, காற்றோட்டமான, பூட்டுப் போட்ட இடத்துக்கு எங்கே போவது என்று தவித்தபடி திரும்பினார். ஆணியில் சாவி தொங்கியது. முதல் மாடி, கிழக்குப் பார்த்த வாசல், புதுச் சுண்ணாம்பு. கை தானாகத் தட்டெழுத்துப் பலகைக்குப் போயிற்று. கணினி யுகத்தின் துல்லியம் பாருங்கள், ஒரு பிழைகூட இல்லாமல் உத்தரவு வந்தது.

மறுநாள் தேவானை வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். ராத்திரியே குடிசையை ஆறு கொண்டுபோய்விட்டது. ஆணி காலியாக இருந்ததைப் பார்த்து, சாவியைத் தனக்காகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று முகம் மலர்ந்தாள்.

"வந்துடுச்சா சார்?"

"வந்துடுத்தும்மா. ஆனா உன்னோட வீட்டுல இப்போதைக்குப் புது வட்டைத்தான் வெச்சிருக்கு. உனக்கு அடுத்த கட்டத்துல பார்க்கலாம். நான் என்ன பண்றது, காகிதம் போட்டு அனுப்பிச்சிருக்கான். நனைஞ்சா வீணாப் போயிடுமாம்."

தேவானை முந்தானையால் குழந்தையின் தலையைத் துவட்டினாள்.

"எங்க புள்ளைங்களுக்கு எவனும் காகிதம் போட்டு அனுப்பல சார். அதான் நனைஞ்சா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெர்ல."