வெர்லின் ஸ்டக்கியின் மௌன விரதம்

லேண்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று, கோச் வெர்லின் ஸ்டக்கி பெஞ்சில் தனக்கு அருகே இருந்த காலி இடத்தில் தண்ணீர் ஜாடியைத் தூக்கி வைத்தார். லேண்டன் மரியாதை தெரிந்த பையன். ஜாடியை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"கோச், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

வெர்லின் எழுந்து கொட்டகையின் மறுகோடிக்குப் போனார். அங்கே சாத்தியிருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். பதினான்கு இருந்தன. மறுபடி எண்ணினார்.

ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருந்தது. லேண்டன் வீசிய பந்தில் எதிரணிக்காரன் ஒருவன்கூட ஒழுங்காக ஒரு ஹிட் அடித்து முதல் முனையைத் தொட்டதை வெர்லின் பார்க்கவில்லை. இன்னும் நான்கு இன்னிங்ஸ் இப்படியே போனால் அதற்குப் பெயர் நோ-ஹிட்டர். ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்கக் கூடாது. நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றிப் பேசக் கூடாது. வீசுகிறவனோடு எதைப் பற்றியுமே பேசக் கூடாது. பக்கத்தில் உட்காரவும் கூடாது. வாய் திறந்தால் காரியம் கெட்டது. இது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அதனாலேயே பேஸ்பால்காரர்கள் எல்லோரும் இதை மீறாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

வெர்லின் முப்பத்து நான்கு வருடமாகக் கல்லூரிப் பையன்களுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவர். ஆறு கல்லூரிகள். கேன்சஸில் இருக்கும் இந்தக் கல்லூரிதான் கடைசி. எங்கேயும் தலைமைக் கோச் ஆனதில்லை. அதை அவர் கேட்டதுமில்லை, அவர்கள் கொடுத்ததுமில்லை. அவர் ஏங்கியது இந்த ஒன்றுக்குத்தான். ஒருமுறை எட்டாவது இன்னிங்ஸ் வரை வந்து, எதிரணிக்காரன் தட்டிவிட்ட பந்து ஆளில்லாத இடத்தில் போய் விழுந்தது. இன்னொரு முறை மழை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடமே, அப்படி ஒரு ஆட்டத்தின் கடைசிப் பந்தை வைப்பதற்கென்று ஒரு மரத் தாங்கி வாங்கிவிட்டார். அது வரவேற்பறையில் காலியாக இருக்கிறது. அவர் மனைவி லொரீன் சனிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைப்பாள். இதில் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்பதை இருபது வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

இன்று அவருடைய கடைசி ஆட்டம்.

அதை முன்னிட்டு மதியம் நன்கொடையாளர்களுக்கு விருந்தும் பாராட்டு விழாவும் இருந்தன. 'ஒரு கை, ஒரு வாழ்க்கை' என்ற தலைப்பில் வெர்லின் பத்து நிமிடம் பேசுவார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. ஐம்பது நிமிடம் பேசினார். பந்தை வீசுவது கையல்ல, மனசு என்றார். ஒரு பையனையும் நூறு பந்துக்கு மேல் வீசவிட்டதில்லை, ஒரு தாயின் கண்ணீருக்கும் தான் காரணமானதில்லை என்றார். கல்லூரித் தலைவர் கண்ணை மூடி ரசித்தார். மனைவி தொடையில் கிள்ளியதும் திறந்து ரசித்தார். கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெர்லின் மைதானத்துக்கு ஓடிவந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டது. அதற்குள் எதிரணியில் இரண்டு பேர் அவுட். முனைகள் எல்லாம் காலி. ரன்னை மட்டும் காட்டும் பழைய பலகையில் முட்டை தொங்கியது. நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டே, பந்தை எண்ணும் கருவியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

ஆறாவது இன்னிங்ஸ் முடிந்து வந்த லேண்டன் மறுபடி அவரைத் தேடினான். வெர்லின் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். திரும்பி வந்தபோது பெஞ்சில் லேண்டனைச் சுற்றி ஆறடிக்கு ஆள் இல்லை. கேட்சர் எமிலியோகூடத் தள்ளிப் போய், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு, கோச்சின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எவனுக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என்ன வளர்ப்பு என்று வெர்லினுக்கு நெஞ்சு நிறைந்தது.

தலைமைக் கோச் ரஸ் வந்து நின்றான். வெர்லினிடம் பந்து வீசக் கற்று, தேறாமல், அதனாலேயே தலைமைக் கோச் ஆனவன்.

"எத்தனை பந்து ஆச்சு?"

கருவி நூற்று மூன்று காட்டியது. "எண்பத்தி ரெண்டு," என்றார் வெர்லின்.

ஏழாவது இன்னிங்ஸ் முடிந்ததும் ரஸ் மறுபடி வந்தான். வெர்லின் எண்பத்தைந்து என்றார்.

"ஒரு இன்னிங்ஸ் முழுக்க மூணே பந்துலயா முடிச்சான்?"

"சிக்கனமான பையன்."

 ரஸ் மாற்று வீரனைத் தயார் செய்யச் சொன்னான். வெர்லின் அந்த மாற்று வீரனிடம் போய், தன் காரில் ஒரு முக்கியமான நோட்டு இருப்பதாகச் சொல்லிச் சாவியைக் கொடுத்து அனுப்பினார். கார் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை.

எட்டாவதில் லேண்டனின் தோள் தொங்க ஆரம்பித்தது. இரண்டு பேருக்குத் தொடர்ந்து தப்பான பந்துகளாக வீசி, அடிக்காமலே அவர்களை முனைக்கு நடக்கவிட்டான். போய் அவனிடம் பேசிவிட்டு வாங்க என்று ரஸ் சொன்னான். மறுத்தால் ஆளை மாற்றிவிடுவான். வெர்லின் நடந்து பந்து வீசும் மேட்டுக்குப் போனார். லேண்டன் நிமிர்ந்து பார்த்தான். பையனின் கண்ணில் ஏதோ ஒரு கெஞ்சல் இருந்தது. வெர்லின், அங்கே ஓடிவந்து நின்ற எமிலியோ பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க வீட்ல பன்றி விலாவைப் புகை போடறப்ப எந்த விறகு வைக்கிறீங்க?"

எமிலியோ கையுறையால் வாயை மூடிக்கொண்டு, ஹிக்கரி என்றான்.

"ஆப்பிள் விறகு போட்டுப் பாக்கச் சொல்லு," என்று சொல்லிவிட்டு வெர்லின் திரும்பி நடந்தார். பின்னால் லேண்டன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கேன்சஸ் காற்றில் புழுதி அதிகம்.

எப்படியோ எட்டாவது தாண்டியது. இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்தார்கள். ரஸ் நேரே வந்தான்.

"போதும், வெர்லின். பையன் நிக்க முடியாம நிக்கிறான். மாத்தறேன்."

வெர்லின் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏன்னு கேக்காத ரஸ். முப்பத்தி நாலு வருஷத்துல உன்கிட்டயோ வேற எவன்கிட்டயோ ஒண்ணாவது கேட்டிருக்கேனா? இன்னைக்கு ஒரு நாள் அவனை விட்டுடு."

ரஸ்ஸுக்கு என்ன புரிந்ததோ, கண் கலங்கிப் போனான். கிழவரின் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தான்.

ஒன்பதாவதில் லேண்டன் இருவரை அவுட்டாக்கினான். பிறகு நான்கு பேரை வரிசையாக நடக்கவிட்டான். அதில் ஒரு ரன் போயிற்று. இரண்டுக்கு ஒன்று, மூன்று முனையும் நிறைந்து வழிந்தது. கருவி நூற்று நாற்பத்தெட்டைத் தொட்டதும் வெர்லின் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். யாருடைய தாயையும் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டார். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக, பந்தை வீசுவது கைதான் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கை இன்னும் மூன்று பந்துக்குத் தாங்கினால் போதும்.

தாங்கியது. மூன்றாவது பந்தில் எதிரணிக்காரன் காற்றை வெட்டிவிட்டு அவுட்டாகி நின்றான்.

வெர்லின் ஓடினார். அவர் கடைசியாக ஓடியது எப்போது என்று அவருடைய முழங்கால்களுக்கே நினைவில்லை. கூட்டத்தில் இருந்த நாற்பது சொச்சம் பேரும் எழுந்து நின்று, கடைசி ஆட்டமல்லவா, பாவம் என்று கை தட்டினார்கள். மேட்டின்மேல் லேண்டனை இறுகக் கட்டிக்கொண்டார். முப்பத்து நான்கு வருடம் சேர்ந்து அழுதது. பந்தை அவன் கையிலிருந்து வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பேசலாம். இனிமேல் என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

"இப்ப சொல்லுப்பா," என்றார். "அப்ப புடிச்சு என்னமோ கேக்கணும்னு வந்தியே, என்ன அது?"

லேண்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீங்க வர்றதுக்கு முன்னாடி முதல் ஆளுக்கு, அதான் அப்புறம் ஓடி அவுட்டானானே, அவனுக்கு ஒரு ஹிட் குடுத்துட்டேனே, கோச். அதுக்காகவா இவ்வளவு நேரம் எங்கிட்ட பேசாம இருந்தீங்க?"