சஃபரிங் ஃப்ரம் ஃபோர்மேன்

ஆதிகேசவனுக்குக் காய்ச்சல் இல்லை. அவன் கைப்பட எழுதிய புகார் மனுதான், இருக்கிறது என்று சாதித்தது.

பெங்களூர் அடுகோடிப் பட்டறையில் அவன் லேத் ஓட்டுகிறவன். ஃபோர்மேன் நோயலோ தினம் மதியம் அவனை லேத்திலிருந்து கிளப்பி, காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து தன் டிபன் கேரியரைக் கொண்டுவரச் சைக்கிளில் விரட்டினார்.

"மேனேஜருக்கு எழுதிப் போடு" என்றார் குமாஸ்தா ஸ்ரீகண்டன். "வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷமானாலும் மனு இங்கிலீஷ்லதான் இருக்கணும்."

மேனேஜர் ஆம்ப்ரோஸ் வாய் திறந்து பேசி யாரும் கேட்டதில்லை. மாதத்தில் பாதி நாள் லீவு. சுகவாசி என்று பட்டறையில் பேச்சு.

ஆதிகேசவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் கடிதம் ஒன்றே ஒன்று. எட்டாம் வகுப்பில் பிரம்பால் ஏற்றியது. பேனா தாளைத் தொட்டதும் தானாக ஓடியது: 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' கடைசியில் 'டிபன் கேரியர்' என்று சேர்த்தான்.

ஒரு நாள் லீவு கிடைத்தது.

"இன்னாய்யா, சண்டை போடப் போயி லீவோட வந்துகிற?" என்றாள் மனைவி பாஞ்சாலி.

இரண்டாவது மனுவில் காய்ச்சலை அடித்துவிட்டு, 'சஃபரிங் ஃப்ரம் ஃபோர்மேன்' என்று எழுதினான். எழுத்துப்பிழை என்று ஸ்ரீகண்டன் அதை அன்போடு 'ஃபீவர்' என்று திருத்தினார்.

மூன்று நாள் லீவு. கூடவே கம்பவுண்டர் கொடுத்த காய்ச்சல் மருந்து, கொயினா ஒரு பாட்டில்.

மூன்றாவது மனுவுக்கு ஆர்டரே வந்தது: 'உடம்பு பலவீனம். இனி லேத் வேண்டாம். லேசான வேலையாக, டிபன் கேரியர் எடுத்து வரட்டும்.'

"பதினோரு வருஷமா லேத் புடிச்ச கைடி இது" என்றான் பாஞ்சாலியிடம்.

"என்னைத் திட்ட ஒரு பாஷை வச்சிக்கிறியே, அதுல எழுதேன்யா."

எழுதினான். 'நான் லேத்காரன். எனக்குக் காய்ச்சல் இல்லை, இருந்ததும் இல்லை. நோயல் சோற்றை நோயலே தூக்கட்டும். லேத்தை விடமாட்டேன்.' தமிழில் பேனா ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"வேலை போயிடும் கேசவா" என்றார் ஸ்ரீகண்டன்.

"போவட்டும் சார். காய்ச்சல்ல போச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க."

அரை மணியில் மேனேஜர் கூப்பிட்டார். மனு அவர் கையில் இருந்தது. உதடு அசைய இரண்டு தடவை படித்தார்.

"ஒக்காருப்பா" என்றார், நல்ல தமிழில். "நாளைக்கே லேத்துக்குப் போ. கேரியர் சமாச்சாரத்தை நான் பாத்துக்கறேன்."

பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

"மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு எனக்கும் இப்பிடி ஒண்ணு எழுதிக் குடேன். அந்த நோயலை மாத்துங்கன்னு ரெண்டு வருஷமா இங்கிலீஷ்ல எழுதறேன். ஒவ்வொரு வாட்டியும் லீவுதான் குடுக்கறாங்க."