வெள்ளையாய்ப் போன ஆறு சக்கரப் பெட்டி

டென்மார்க்கில், கோல்டிங்கில் இருக்கிற தமிழர்கள் பனிக்குப் பயப்படுவதில்லை. வரி கட்டச் சொல்லி வருகிற கந்தோர்க் கடிதத்துக்குக்கூட ஓரளவு பழகிவிட்டோம். ஆனால் இருபத்தொண்டண்ணை வீட்டு மேசைக்கு முன்னால் தும்மல் வந்தால் எங்களில் எவருக்கும் குலை நடுங்கும். நான் ஒருமுறை வந்த தும்மலை மூக்கைப் பொத்தி விழுங்கிவிட்டு, இரண்டு நாள் காது அடைத்துத் திரிந்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்குத்தான் தெரியும். யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மற்ற நேரமெல்லாம் அயர்லாந்தில் நூறு வருசத்துக்கு முன்னர் ஓடிய ரயில்களைச் சின்னதாகச் செய்வார். அந்த நாட்டுத் தண்டவாளம் ஐந்தடி மூன்றங்குல அகலம். அவர் செய்கிற அளவுக்குச் சுருக்கினால் இருபத்தொரு மில்லிமீற்றர் வரும். கடையில் விற்கிற தண்டவாளமோ பதினாறரை. மற்றவர்கள் அதிலேயே ஐரிஷ் ரயிலை ஏற்றி ஓட்டிவிடுவார்கள். அண்ணைக்கு அது பஞ்சமாபாதகம். வீட்டு மேசைமேல் தீக்குச்சி போன்ற மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் இருபத்தொரு மில்லிமீற்றரில் தண்டவாளத்தைத் தானே பதித்தார். 'இருபத்தொண்டு' என்ற பெயரும் அப்படித்தான் வந்தது.

"அண்ணை, அயர்லாந்துக்குப் போயிருக்கிறியளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை."

"அப்ப எங்கட யாழ்ப்பாண ரயிலைச் செய்யலாமே?"

"அது எனக்குத் தெரியும். தெரிஞ்சதைச் செய்யிறதிலை என்ன கிடக்கு?"



என் மகளின் பிறந்தநாளுக்கு வந்தவர், சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் பித்தளை அளவுகோலை எடுத்து, அவளுடைய புது பிளாஸ்டிக் ரயிலின் சக்கரங்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். "இது பொய் ரயில்" என்று தீர்ப்பும் சொன்னார். பிள்ளை டெனிஷில் அழுதாள். மனைவி தமிழில் முறைத்தாள். நான் அவசரமாகக் கேக்கை நீட்டினேன். கேக்கையும் ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

அவர் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே சோதனை. சால்வையைக் கழற்று, காப்பைக் கழற்று, ஜக்கெற்றைக் கழற்று; மேசையில் நிற்கிற ரயிலில் எதுவும் பட்டுவிடக்கூடாது. திருவிழாவுக்கு அழைக்கப் போன கோயில் தலைவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டே நின்று, முன்னால் ஆவி பறந்த தேத்தண்ணியைத் தொடாமல் திரும்பி வந்தார்.

இப்படிப்பட்ட மனிசனுக்குப் போன மாரிக்குளிரில் நெஞ்சில் அடைப்பு. ஒடென்சே ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்யவேண்டும் என்றார்கள். நேர்ஸ் எனக்குத்தான் போன் எடுத்தாள். மிக நெருங்கிய உறவு யார் என்று கேட்ட இடத்தில் அவர் என் பெயரை எழுதியிருக்கிறாராம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடனே ஒடென்சேக்கு வெளிக்கிட்டேன்.

போய்ப் பார்த்தபோது வீட்டைப் பூட்டிய திறப்பை என் கையில் தந்தார். "என்ரை மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வா. மேசைப் பக்கம் மட்டும் போகாதை."

மூக்குக்கண்ணாடி மேசையில்தான் இருந்தது.

இருந்த பதற்றத்தில் ஜக்கெற்றைக் கழற்ற மறந்துவிட்டேன். எட்டிக் கையை நீட்டியபோது, அதன் தடித்த கைப்பகுதி பட்டு ஆறு சக்கர ரயில் பெட்டியொன்று நிலத்தில் விழுந்தது. ஒரேயொரு பழைய படத்தைப் பார்த்து, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி வெட்டிப் பதினாறு மாதமாக அவர் கட்டிய பெட்டி அது. கூரை ஒரு பக்கம் கிடந்தது, உடம்பு ஒரு பக்கம் கிடந்தது. நான் நிலத்தில் குந்தியிருந்து ஊர்க் கோயில் அம்மாளாச்சியைக் கூப்பிட்டேன்.

பிறகுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது. கடைக்கு ஓடிப்போய் சுப்பர் குளூ வாங்கிவந்து கூரையை ஒட்டினேன். தூசி படக்கூடாதென்று ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து இறுக மூடினேன். அடுத்த நாள் திறந்து பார்த்தால் யன்னல்கள் எல்லாம் பால் வெள்ளை. பசையின் ஆவி வெளியே போக வழியில்லாமல் ஒவ்வொரு யன்னலிலும் படிந்துவிட்டது. துடைத்தேன், சுரண்டினேன், போகவேயில்லை. யன்னல் செய்கிற மனிசனின் ரயிலில் ஒரு யன்னலையும் நான் மிச்சம் விடவில்லை.

ஒப்பரேசன் அன்று காலை, மூக்குக்கண்ணாடியை மட்டும் கொடுப்பது, இதைப்பற்றி மூச்சு விடுவதில்லை என்ற முடிவோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணை கட்டிலில் சுருங்கிப்போய்க் கிடந்தார். மயிரிழைக் கம்பியைப் பிசகாமல் வளைக்கிற விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தம்பி, பயமாக் கிடக்கடா" என்றார்.

அந்த ஆளின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதேயில்லை. பயப்படுவது எங்களுடைய வேலை. அவர் பயப்பட்டால் நாங்கள் எங்கே போவது? ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அண்ணை, அந்த ஆறு சக்கரப் பெட்டி விழுந்திட்டுது."

நடுக்கம் நின்றது. "எது?"

"கூரை கழண்டு போச்சு. ஒட்டிட்டன்."

"என்னத்தாலை ஒட்டினனீ?"

"சுப்பர் குளூ."

"மூடி வைச்சனியோ?"

"ஓம். ஐஸ்கிறீம் டப்பாவிலை."

"விசரா! யன்னலெல்லாம் வெள்ளையாப் போயிருக்குமேயடா!"

கட்டிலைத் தள்ளிப்போக வந்த நேர்ஸ் திகைத்து நின்றாள். "பயப்படுகிறாரா?" என்று என்னிடம் டெனிஷில் கேட்டாள். "இல்லை, ஒரு ரயில் பிரச்சினை" என்றேன். கொரிடோர் நீளத்துக்கும் ஏசிக்கொண்டே போனார். "எல்லா யன்னலையும் வெட்டி எடுக்கவேணும்! நீ ஒண்டையும் தொடாதை! நான் வந்து செய்யிறன்!" கதவு மூடியது. குரல் அறுந்தது.

அந்தக் கொரிடோரில் ஐந்து மணித்தியாலம் இருந்தேன். கோபம் நெஞ்சுக்குக் கூடாதே, நானே ஆளை முடித்துவிட்டேனோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட எவர் வந்தாலும் எழும்பி நின்றேன். சாப்பாட்டு வண்டி தள்ளி வந்தவருக்கும் எழும்பி நின்றேன். அவர் பாவம், எனக்கு ஒரு பாண் துண்டு தந்துவிட்டுப் போனார். கடைசியில் வைத்தியர் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். நான் நம்பவில்லை.

அடுத்த நாள் காலைதான் பார்க்க விட்டார்கள். உடம்பு முழுக்க வயரும் குழாயும். மெதுவாகக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எத்தினை யன்னல்?"

"பன்னிரண்டும் போச்சு, அண்ணை."

கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. இந்த நாட்டில் எனக்கென்று கூடப்பிறந்த ஒருவர் இருந்திருந்தால் அவருக்கும் இப்படித்தான் அழுதிருப்பேன். கட்டில் ஓரத்தில் குந்திக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தேன்.

"கையை எடடா" என்றார். "வயர் கழண்டிடும்."

நான் எடுக்கவில்லை. அவரும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.