அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கப் பயம்

"ஏம்மா, இதுல எது நல்லா இருக்கும்?"

சர்வேயர் மூன்று நாவல்களைச் சமையல் மேடையில் பரப்பினார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். முதல் அட்டையில் விண்வெளி உடைக்குள் ஒரு மண்டையோடு. இரண்டாவதில் பாதி திறந்த ஃப்ரிட்ஜ், உள்ளே வரிசையாகப் பற்கள். மூன்றாவது செங்கல் கனம். அட்டை முழுக்கக் கறுப்பு.

"உங்க சங்கத்துக்கு நீங்கதானே தேர்ந்தெடுக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"நான் சொல்றது இருக்கட்டும். நீ ஒரு தடவை படிச்சுட்டு, வழக்கம்போல நாலு பக்கம் குறிப்பு எழுதிக் குடுத்தேன்னா..."

"இந்த மாசம் என்னால முடியாதுங்க."

சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டு மூடினாள். அந்த உறை 'டப்'பென்று மூடிய சத்தத்தில் சர்வேயர் இரண்டடி பின்வாங்கினார்.

பின்வாங்காமல் என்ன செய்வார்? வாசகர் சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். மாதக் கடைசி ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு நூலக மாடியில் கூடுவார்கள். மூன்று வருடமாக அங்கே சர்வேயர்தான் பெரிய விமர்சகர். அந்த மூன்று வருடத்தில் அவர் முழுசாகப் படித்தவை நில அளவைப் படிவங்களும் மருந்துச் சீட்டுகளும் மட்டும். நாவலைப் படிப்பது மனைவி. குறிப்பு எழுதுவது மனைவி. அதைத் தன் டைரியில் தன் கையெழுத்தில் நகலெடுத்து, கூட்டத்தில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசிப்பதுபோல் இருந்துவிட்டுச் சொல்வது மட்டும் இவர். அந்தக் கண் மூடல் மட்டும் சொந்தச் சரக்கு.

போன மாதம் அப்படித்தான் கண்ணை மூடித் திறந்து, "அந்த அம்மா பாத்திரம் கதை முழுக்க ஒரு தடவைகூட உட்காரவே இல்ல, கவனிச்சீங்களா?" என்றார். அறையே கை தட்டியது.

மனுஷன் அத்தோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து, அதை எழுதிக் கொடுத்தவளிடமே விளக்க ஆரம்பித்தார்.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன், கேளு. அந்தம்மா கடைசிவரைக்கும் உட்காரவே இல்ல. இதெல்லாம் மேலோட்டமா படிக்கிறவங்களுக்குத் தெரியாது."

அவள் அடுப்பருகே நின்றபடியே கேட்டுக்கொண்டாள்.

"நானும் ஒரு நாள் அங்க வரட்டுமாங்க?"

"நீ வந்து என்ன பண்ணப் போறே? நாங்க ஆழமா பேசுவோம். உனக்கு போரடிக்கும்."

"சரிங்க," என்றாள். இவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். புருஷன்மார்கள் அப்படித்தானே எடுத்துக்கொள்வார்கள்.

அந்தக் கைதட்டல் தலைக்கேறித்தான், "எத்தனை நாள் குடும்பக் கதையே படிக்கிறது? அறிவியல் திகில்ல இறங்குவோம்!" என்று சங்கத்தில் வாயை விட்டிருந்தார். "அப்ப நீங்களே ஒரு நாவலைத் தேர்ந்தெடுங்க," என்றார் தலைவர். தலைவர் ஊரைவிட்டு மகள் வீட்டோடு குடிபோகிறார். "அந்தக் கூட்டத்துலயே அடுத்த தலைவரையும் முடிவு பண்ணிடலாம்."

சங்கத் தலைவரின் பெயரை நூலக வாசல் பலகையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதுவார்கள். சர்வேயருக்கு அந்தப் பலகை வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு இளையவர்கள் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்தப் பலகையை விட்டால் தன் பெயரை யாரும் எங்கேயும் எழுதப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும்.

சரி, நாமே படித்துவிடுவோம் என்று இருப்பதில் ஒல்லியானதை எடுத்தார். ஃப்ரிட்ஜ் நாவல். தொண்ணூறு பக்கம்தான். வாட்ஸப்பில் பெயரை அறிவித்துவிட்டு, பட்டப்பகலில், ஜன்னலை எல்லாம் திறந்து வைத்து உட்கார்ந்தார். பதினேழாம் பக்கத்தில் அந்த ஃப்ரிட்ஜ், வீட்டுக்காரனைச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதே நேரம் பார்த்து வீட்டு ஃப்ரிட்ஜின் மோட்டார் 'கிர்ர்'ரென்று ஓட ஆரம்பித்தது. புத்தகம் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"ஏங்க, அந்தத் தண்ணி பாட்டிலை எடுங்க," என்றாள் மனைவி.

"நீயே எடுத்துக்கோ. எனக்கு இடுப்பு புடிச்சிருக்கு."

இரண்டு நாள் வெந்நீராகவே குடித்தார். மூன்றாம் நாள் நாவலை மாற்றுவதென்று முடிவு செய்தார். இந்த முறை கணக்கு வேறு. அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கச் செங்கல்லைச் சொல்லிவிட்டால் ஒருத்தனும் படித்து முடிக்கமாட்டான். எல்லோரும் "இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன்" என்பார்கள். பொதுவாக நாலு வார்த்தை பேசி மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

அறிவித்த பத்தாவது நிமிஷம் பதில்கள் வந்து விழுந்தன.

"அபாரமான தேர்வு!" என்றார் பல் டாக்டர்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை படிச்சாச்சு," என்றார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட்.

"இதைப் பத்தி மூணு மணி நேரம் பேசலாம்," என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"வரிவரியாக விவாதிப்போம்," என்றார் தலைவர்.

அடப்பாவிகளா! ஊரில் அந்த நாவலைப் படிக்காத ஒரே ஆள் தான்தானா என்று சர்வேயருக்கு வியர்த்துவிட்டது.

மனைவி அந்தக் கறுப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்த மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "இதுவே இருக்கட்டுங்க. பொருத்தமா இருக்கும்."

தினமும் பிரித்தார். ஒன்பதாம் பக்கத்துக்கு மேல் தூக்கம் கண்ணை இழுத்துக்கொண்டு போனது. கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை, மனைவி வழக்கம்போலத் தையல் வகுப்புக்குப் போன பிறகு பார்த்தால், மேஜையில் இருந்த புத்தகத்தையே காணோம். வெள்ளிக்கிழமை காலை அது அதே இடத்தில், அதே கோணத்தில் கிடந்தது. அதற்கப்புறம் அதைத் தொடவே அவருக்குக் கை வரவில்லை.

வேறு வழியில்லாமல் பல் டாக்டருக்கு போன் போட்டார்.

"டாக்டர், நாவல்ல உங்களுக்கு எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது? சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

அந்தப் பக்கம் யாருடைய பல்லையோ ராவிக்கொண்டிருந்த மிஷின் நின்றது.

"எனக்கா... அந்த நாயகி வர்ற இடம்."

"ஆகா! நானும் அதையேதான் நினைச்சேன்!"

போனை வைத்ததும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் கூப்பிட்டார். "சார், கூட்டத்துல யாரைப் பத்திப் பேசப் போறீங்க?"

"நாயகியைப் பத்தித்தான்."

"அவங்க கடைசில... செத்துப்போறாங்க. அதானே?"

"அது... ஆமா. பாவம்."

சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல்காரர் தெருவிலேயே மடக்கினார். "என்னங்க, நாயகியை அநியாயமா கொன்னுட்டாங்களே! ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல."

சர்வேயருக்கு உயிர் வந்தது. தான் அவிழ்த்துவிட்ட புளுகுதான் தெருவைச் சுற்றித் தன்னிடமே வந்திருக்கிறது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. நாயகி, மரணம், சோகம். இது போதும், ஒப்பேற்றிவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் எப்போதும்போல நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. சாவிக்காரம்மா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நூலகத்தைத் திறந்து மூடுவது, பெருக்குவது எல்லாம் அந்த அம்மாள்தான்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடியே நாற்காலி போட்டு வச்சிடறீங்க. நல்ல பழக்கம்," என்றார் சர்வேயர் பெருந்தன்மையாக.

"நான் எங்க சார் போட்டேன்? போட்டதை எடுக்கல, அவ்வளவுதான்."

இவர் அதைக் காதில் வாங்கவில்லை. பேசப்போவதை உள்ளுக்குள் உருப்போட்டுக்கொண்டிருந்தார். மேஜைமேல் ஐந்து டைரிகள் இருந்தன. வழக்கமாக வந்ததும் வராததுமாக எல்லோரும் டைரியைப் பிரித்துவிடுவார்கள். இன்று ஒருவரும் பிரிக்கவில்லை.

"நாயகியோட துணிச்சல்!" என்று ஆரம்பித்தார் பல் டாக்டர். "பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறா பாருங்க."

"விண்வெளிக்குப் போற பொண்ணு ஒரு பாலிசிகூட எடுக்காம போறா," என்றார் ஏஜெண்ட். "அங்கதான் எழுத்தாளர் நிக்கிறார்."

"அந்தக் கலத்தை அவங்க திருப்பின விதம் இருக்கே!" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர். "கண்ணாடியைப் பாத்து, சிக்னல் போட்டு, பதறாம!"

"தாய்மை," என்றார் தலைவர். எந்த நாவலுக்கும் அவர் சொல்வது அதுதான்.

எல்லோரும் சர்வேயரைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள் ஒன்றுமே இல்லை. நான்கு பக்கக் குறிப்பு இல்லாமல் தன் தலை இவ்வளவு காலியாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. வேறு வழியில்லாமல் பழையதையே எடுத்து விட்டார்.

"அந்த நாயகி கதை முழுக்க ஒரு தடவைகூட உட்காரவே இல்ல, கவனிச்சீங்களா?"

கைதட்டல் ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்தது. தலைவர் எழுந்து நின்றார். "இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு? அடுத்த தலைவர்..."

"அந்தக் கதையில பொம்பளையே கிடையாதே சார்," என்றாள் சாவிக்காரம்மா.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் சாவகாசமாகச் சொன்னாள்.

"விண்வெளியும் கிடையாது. கடலுக்கடியில ஒரு கூண்டு, அதுக்குள்ள ஆம்பளைங்க மூணு பேரு. அவங்களுக்காக யோசிக்கிறதெல்லாம் ஒரு மிஷினு. ஒரு நாள் மிஷின் நின்னு போகுது. கதவை எப்படித் தொறக்கறதுன்னுகூட ஒருத்தனுக்கும் தெரியல. அதானே சார் கதை?"

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பல் டாக்டர் தன் டைரியை மெதுவாகப் பைக்குள் தள்ளினார். தலைவர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார்.

"நீங்க... இந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் சர்வேயர்.

"படிக்காமயா? வியாழக்கிழமை சங்கத்துல நானும் ஒருத்தி சார். உங்க அஞ்சு பேர் வீட்டம்மாவும் இதே நாற்காலியில உக்காந்துதான் பேசுவாங்க. எந்தக் குறிப்பு யார் வீட்டுக்குன்னு பிரிச்சுக்கறதும் இங்கதான். இந்த மாசம் யாருக்கும் எழுதித் தர்றதில்லைன்னு ஓட்டெடுத்தோம். தீர்மானம் கொண்டுவந்தது எங்க தலைவரு, உங்க வீட்டம்மா."