கோலுக்கு முதுகு காட்டிய ஏசி பாய்

ஒரு மேட்ச்கூட விடாமல் ஸ்டேடியத்துக்குப் போய், சொந்த டீம் போட்ட கோல் ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காத கால்பந்து ரசிகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இரும்புலியூரில் இருக்கிறார். ஏசி பாய் என்றால் குழந்தைகூட வீட்டைக் காட்டும். சொந்தப் பெயர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அவருடைய ஸ்கூட்டர் முன்னாலேயே ‘ஏசி பாய்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

பார்வையில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். எதிரணி போட்ட கோல்களையெல்லாம் கண்குளிரப் பார்த்திருக்கிறார். அவற்றுக்கு எங்களுக்குக் குறைவே இருந்ததில்லை. நம் ஆட்கள் பந்தை அந்தப் பக்கத்துப் பெனால்டி பாக்ஸுக்குள் கொண்டுபோனால்தான் வினை. பாய் சட்டென்று எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கேலரியைப் பார்த்து நின்றுவிடுவார்.

இந்த வியாதி வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். முதல் மேட்சில் டீ வாங்கப் போனார், கோல் விழுந்தது. அடுத்த மேட்சில் கஸ்டமர் போன் வந்ததென்று படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கினார், கோல் விழுந்தது. மூன்றாவது மேட்சில் இடத்தைவிட்டு அசையாமல் கண் கொட்டாமல் பார்த்தார். நாலு கோல் விழுந்தது, நாலும் நம் வலையில்.

“என் கண்ணு அப்படி சார். நான் பாத்தா பந்து உள்ள போவாது. ரீப்ளே பாத்தாக்கூட அடுத்த மேட்ச் காலி. நான் பாக்கறது முக்கியமா, டீம் ஜெயிக்கிறது முக்கியமா, நீயே சொல்லு!”

எனக்கும் கால்பந்துக்கும் அதுவரை ஸ்நானப்பிராப்தி கிடையாது. முடிச்சூரில் என் வீட்டு ஏசியைச் சர்வீஸ் செய்ய வந்தவர், பாதியைக் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு, “சார், மேட்சுக்கு டைம் ஆச்சு, நாளைக்கு வந்து மாட்டிர்றேன்” என்று கிளம்பினார். வெளியே பங்குனி வெயில். விடுவேனா? சண்டை போட்டுக்கொண்டே தாம்பரம் ஸ்டேஷன்வரை பின்னால் போனேன். சண்டை முடியாததால் ட்ரெயினிலும் ஏறினேன். பார்க் ஸ்டேஷனில் இறங்கும்போது டீம் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். எப்படி நடந்தது என்று இன்றைக்குவரை புரியவில்லை.

டிவியில் நட்சத்திரங்கள் வந்து கையாட்டும் பெரிய லீக் இல்லை இது. அதற்குக் கீழே இருக்கும் பிரிவு. டிக்கெட் இலவசம். ஊரே உட்காரலாம் என்று கட்டிய ஸ்டேடியத்தில், ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசைக்குக்கூடக் காணாத கூட்டம். நாலு மணி வெயில் நேராக மூஞ்சியில் அடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி. ஆனால் குரோம்பேட்டை ஜோசப் டிரம்மில் ஒரு அடி அடித்து, எங்கள் கோஷ்டி தொண்டையைத் திறந்தது என்றால், காலி நாற்காலிகளெல்லாம் திருப்பிக் கத்தும் பாருங்கள், அடடா! எங்கள் கோல்கீப்பர் தன் டிஃபென்டரைத் திட்டுவது எழுத்துக்கு எழுத்துக் காதில் விழும். இந்தச் சுகம் எந்த டிவியில் வரும்?

பாய் வேலையிலிருந்து நேராக வருவதால் கேட்டில் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு கச்சேரி உண்டு. தண்ணீர் பாட்டிலையே உள்ளே விடாத செக்யூரிட்டி, பையைத் திறந்து ஸ்பேனர் செட்டைப் பார்த்தால் என்ன ஆவார்?

“இன்னா பாய் இது? ரெஃப்ரிய அடிக்கவா?”

“அவன அடிக்க இத்தினி எதுக்குப்பா? இது ஏசி கயட்ற சாமான். உன்னாண்டயே வெச்சிக்க. உங்க வூட்டு ஃபேன்ல சத்தம் வருதுன்னியே, போவ சொல்ல பாத்துக்கலாம்.”

உள்ளே வந்தால், அவருடைய முதுகுக்கு நேரடி வர்ணனை சொல்லும் உத்தியோகம் எனக்கு.

“இன்னா சார் ஆவுது?”

“ரைட்லேர்ந்து கிராஸ் வருது…”

“யாராண்ட கீது?”

“பதினோராம் நம்பர்.”

“அவனா! மேல அடிப்பானே!”

மேலேதான் அடிப்பான். அவன் உதைத்த பந்துகளில் பாதி மூர் மார்க்கெட் பக்கம் போயிருக்கும்.

ஒருநாள் நான் சமோசா வாங்கப் போன சமயம் பார்த்து, நம் ஆட்கள் பாக்ஸுக்குள் நுழைந்திருக்கிறார்கள். பாய் திரும்பிக்கொண்டார். “சத்தத்த வெச்சே கம்ப்ரஸர்ல இன்னா கோளாறுன்னு சொல்றவன் நான், மேட்ச் இன்னா பெரிய விஷயம்” என்று ஜோசப்பிடம் வீறாப்பு வேறு. அவர் திரும்பி நின்ற நேரத்தில் பந்து கைமாறி, நம் பக்கமே வந்து, நம் வலைக்குள்ளேயே போய்விட்டது. கூச்சல் கேட்டதும் பாய் ‘கோல்!’ என்று எகிறிக் குதித்து, பக்கத்தில் குதித்துக்கொண்டிருந்தவரைக் கட்டிப்பிடித்துத் தட்டாமாலை சுற்றினார். அவர் எதிரணியைக் கூட்டிவந்த பஸ் டிரைவர். அந்த மனிதரும் மனதாரத்தான் கட்டிப்பிடித்தார். நான் சமோசாவோடு வந்தபோது பாய் ஸ்கோர்போர்டைப் பார்த்துக்கொண்டு, “பேஜாரா பூச்சு சார்” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

இதைவிடப் பெரிய பேஜார் வீட்டில் இருந்தது. வருஷக்கணக்காக மேட்ச் மேட்ச் என்று ஓடுகிற மனிதருக்கு, கோல் எப்படி விழுந்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் எந்தப் பெண்டாட்டி நம்புவாள்? அந்த அக்கா ஒருநாள் எனக்கே போன் போட்டுவிட்டார்.

“அண்ணா, நெசமாவே இவரு மேட்சுக்குத்தான் வராரா?”

“சத்தியமாம்மா. என் பக்கத்துலதான் நிக்கறாரு.”

“அப்போ கோல் எப்பிடி விழுந்துச்சுன்னு கேட்டா, நான் அந்தப் பக்கம் பாக்கலன்றாரே? நீங்களும் கூட்டா?”

சீசனின் கடைசி மேட்சுக்கு அக்காவே புறப்பட்டு வந்துவிட்டார். லேசுப்பட்ட மேட்சா அது! ஜெயித்தால் பிரிவில் நிற்கலாம். டிரா என்றாலும் கீழே இறங்க வேண்டியதுதான். இறங்கினால் டீமையே கலைத்துவிடுவார்கள் என்று பேச்சு. அப்புறம் சாயங்காலம் ட்ரெயின் பிடித்து எங்கே போவது? பாய் காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

அக்கா எங்களுக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தார். முதல் பத்து நிமிஷம், “இவங்கள்ல நம்ம ஆளுங்க யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இடைவேளைக்குள் ரெஃப்ரியை என்னைவிட நன்றாகத் திட்டத் தொடங்கிவிட்டார். பாய் திரும்பித் திரும்பி நின்றதில் அவருக்குக் கழுத்தே சுளுக்கியிருக்கும். ஒவ்வொரு தடவையும் அவர் பார்வை நேராக அக்காவிடம் போய் விழும். “ஏங்க, என்னையே பாத்துகினு கீறீங்க? எல்லாரும் பாக்கறாங்க!” என்று அக்கா வெட்கப்பட, கோஷ்டியே சிரித்தது.

கடைசி நிமிஷங்கள் வந்தும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்களுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அப்போது பாக்ஸுக்குள் நம் ஆள் ஒருவனை இடித்துத் தள்ளினார்கள். விசில்! பெனால்டி! ஜோசப் டிரம் குச்சியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான்.

எனக்குப் பொறுக்கவில்லை. “பாய், இந்த ஒரு தடவை பாத்துடுங்க. நாளைக்கு டீமே இல்லாம போச்சுன்னா அப்புறம் வருமா?”

பாய் பாதி திரும்பினார். ஆசை எப்படி இருந்தது தெரியுமா அந்த முகத்தில்! பார்த்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்புறம் தலையை ஆட்டிக்கொண்டு பழையபடி திரும்பிக்கொண்டார்.

“வேணாம் சார். பாக்கணும்னு உசுரு துடிக்குது. ஆனா என்னால போச்சுன்னா, அப்பறம் நான் இன்னாத்துக்கு? யாரு சார் அடிக்கிறா?”

“பதினொன்னு.”

“யா அல்லா!”

பின் வரிசையில் அக்கா எழுந்து நின்றார். துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். பாய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவின் கண் பெரிதாயிற்று. இன்னும் பெரிதாயிற்று. துப்பட்டா வாயிலிருந்து நழுவியது.

“ஏங்க… பூந்துச்சுங்க! உள்ள பூந்துச்சு!”

அப்புறம் எழுந்த கூச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாய் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அன்றைய எதிரணிப் பஸ் டிரைவரை இந்தத் தடவை நான் கட்டிப்பிடித்தேன்.

தாம்பரம் ட்ரெயினில் அக்கா கோலை நடித்தே காட்டினார். கீப்பர் இந்தப் பக்கம் சாய்ந்தானாம், பந்து அந்தப் பக்கம் போனதாம். பாய் மீனம்பாக்கம் வருவதற்குள் பத்துத் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சார், நீ சொல்லு. அவன் மேல அடிக்கிறவன் ஆச்சே, எப்பிடி சார் கீழ அடிச்சான்?”

“தெரியாது பாய். நான் பாக்கல.”

“நீ பாக்கலயா? நீதான சார் எனக்கு சொல்றவன்! பெனால்டிய உட்டுட்டு வேற இன்னாத்த பாத்துகினு இருந்த?”

உங்களைத்தான் பாய், வேறு யாரை?