அப்பாரு தின்ற தக்காளி வில்லை

சமைக்கத் தெரியாதவன்கூடக் கெடுக்க முடியாத பண்டம் என்று உலகத்தில் ஒன்று உண்டு. தக்காளியை வில்லை வில்லையாக அரிய வேண்டும். புதுப் பால்கட்டியையும் அதேபோல் அரிய வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டில் அடுக்கி, நாலு இலையைக் கிள்ளிப் போட்டு, உப்புத் தூவி எண்ணெய் ஊற்றினால் முடிந்தது. தாளிப்பு கிடையாது, பதம் கிடையாது. இத்தாலியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே செய்துவிடுவார்களாம். இதையும் ஒருவன் கெடுக்க வேண்டுமென்றால் அதற்குப் பிறவியிலேயே ஒரு கொடுப்பினை வேண்டும். எனக்கு அது தாராளமாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில், இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஸ்டோர் கிளார்க்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். (திரும்பினேன் என்பது நான் சொல்வது. குளிர் தாங்காமல் ஓடிவந்துவிட்டான் என்பது அப்பா சொல்வது.) ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். வரும்போது நான் கொண்டுவந்த சொத்து மூன்று: ஒரு கம்பளி, தரையைக் கூட்டுகிற மாதிரி ஒரு பெல்பாட்டம், அப்புறம் இந்தத் தக்காளி ஞானம்.

ஞானம் கொடுத்தவர் ஓர் இத்தாலிக்காரர். எஸ்டேட் தொழிற்சாலையில் புது இயந்திரம் பூட்ட வந்தவர். மத்தியானமானால் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து, தன் கையாலேயே இதைச் செய்து சாப்பிடுவார். பாலைத் திரித்துத் துணியில் கட்டித் தொங்கவிடுவார். ஊரிலிருந்து கொண்டுவந்த விதையைத் தொட்டியில் போட்டு வளர்த்த செடியிலிருந்து இலை கிள்ளுவார். ஒரு வாய் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு தக்காளி தின்னும் மனிதனை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. நாகரிகம் என்றால் இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் எனக்குப் பெண் பார்த்தார்கள். மீனாட்சிபுரம் பக்கத்துச் சாந்தாமணி. காப்பித் தட்டோடு வந்தவள் தலையைக் குனிந்தபடியே நின்றாள். குனிந்த இடத்தில் என் பெல்பாட்டம் இருந்தது. அதைப் பார்த்து உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அதோடு எல்லாம் முடிவாகிவிட்டது. அவர்கள் பக்கம்தான் முடிவாகவில்லை. பொள்ளாச்சியில் அரிசி மில் வைத்திருக்கும் இன்னொரு மாப்பிள்ளையும் அவர்கள் கையில் இருந்தார். மில்லா, கம்பளியா என்று பார்க்க ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பேச்சு முடிகிறவரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர் குடிப்பார்கள், ரொம்ப வற்புறுத்தினால் காப்பி. சாப்பிட்டுவிட்டார்கள் என்றால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு பின்வாங்கினால் நாலு ஊர் சிரிக்கும். அதனால் மாப்பிள்ளையைப் பெற்ற அம்மாக்கள் உள்ளே ஊருக்கே ஆக்கி மூடி வைத்துவிட்டு, வெளியே ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்பார்கள்.

நான் இதில் ஒரு சந்து கண்டுபிடித்தேன். என் பண்டம் அடுப்பில் ஏறாதது (பாலைக் காய்ச்சுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை), ஆகவே சமையல் அல்ல. முள்கரண்டியால் தின்பது, ஆகவே கையும் நனையாது. வழக்கத்துக்கும் பங்கமில்லை, என் நாகரிகமும் மீனாட்சிபுரம் போய்ச் சேர்ந்துவிடும். (வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன் என்று அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

முதல் இடி பாலில் விழுந்தது. எங்கள் வீட்டில் பால் தானாகத் திரிந்தாலே அம்மா அன்றைக்கு நல்ல காரியம் ஒன்றும் பேச விடமாட்டாள். வேண்டுமென்றே திரிக்கிறேன் என்று அவளிடம் போய் நின்றேன்.

"ஒறம்பரைச் சனம் வர்ற அன்னைக்கு ஊட்டுக்குள்ள பாலைத் திரிய உடறயா? உனக்குப் பொண்ணு வேணுமா, வேண்டாமா?" என்றாள்.

வீட்டுக்குள் கூடாது என்றுதானே சொன்னாள் என்று (மறுபடியும் வக்கீல்) மாட்டுச்சாளைக்குப் போய்க் கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்ததும் பால் திரிந்தது. வடிகட்டத் துணியில்லை. கொடியில் வெள்ளையாக ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதன் முனையில் கட்டிக் கல்லை ஏற்றி வைத்தேன். இத்தாலிக்காரருக்கு வழவழவென்று வில்லை போட வந்த பால்கட்டி எனக்கு உதிர்ந்த புட்டாக வந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தி அழுத்தி, வறட்டி தட்டுவதுபோல் தட்டி எடுத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கன்னுக்குட்டிக்குக்கூட இதை நான் வெக்க மாட்டேன்" என்று சொல்லிப் போனாள்.

கொடியில் காய்ந்தது, அன்று அப்பா உடுத்துவதற்கென்று வெளுத்த ஒரே வேட்டி. அவர் அதை உடுத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. விருந்தாளிகள் போகும்வரை எங்கள் வீட்டுப் பூனை அவர் காலைவிட்டு நகரவில்லை.

எண்ணெய்க்கு வருவோம். இத்தாலிக்காரர் ஊற்றியது ஆலிவ் எண்ணெய். அது கொழிஞ்சாம்பாறையில் மருந்துக் கடையில்தான் கிடைக்கும், சின்னத் தகர டப்பாவில், பச்சைக் குழந்தைக்குத் தேய்த்துவிட. கடைக்காரர் டப்பாவைத் துடைத்துக்கொண்டே, "குஞ்ஞினு எத்ர மாசமாயி?" என்று மலையாளத்தில் குழந்தையின் வயதை அன்போடு கேட்டார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். அவர் டப்பாவைக் காகிதத்தில் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தார்.

கடைசியாக இலை. அந்தத் தொட்டிச் செடியின் இலையைப் பற்றி எஸ்டேட் சமையல்காரர் ஒருமுறை, "இது நம்ம துளசிக்குச் சொந்தக்காரன்தாம்லே" என்று சொல்லியிருந்தார். சொந்தக்காரன் வராவிட்டால் என்ன, துளசியே இருக்கிறதே என்று வாசல் மாடத்திலிருந்து ஒரு கை நிறையப் பறித்துக்கொண்டேன். (அந்தச் சொந்தக்காரன் திருநீற்றுப்பச்சையின் ஒரு வகை என்பதும், திருநீற்றுப்பச்சை எங்கள் கிணற்று வேலியோரம் மண்டிக் கிடந்ததும் பல வருஷம் கழித்துத் தெரிந்தது.)

வாடகைக் காரில் வந்தவர்கள் மூன்று பேர். சாந்தாமணியின் அப்பா, அதிகம் பேசாதவர். அவள் அத்தை, அந்தக் குறையையும் சேர்த்துப் பேசுகிறவர். அப்புறம் அப்பாரு, சாந்தாமணியின் அப்பாவைப் பெற்றவர். முடிவு அவர் கையில். போன கோடையில் அவர் படுக்கையில் விழுந்து, இரண்டு தடவை பால் ஊற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் உயிர் இழுத்துக்கொண்டிருப்பவர் வாயில் துளசி போட்ட பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று. இவர் இரண்டு தடவையும் குடித்து முடித்து எழுந்து உட்கார்ந்தவர். இரண்டாம் தடவை, சர்க்கரை பற்றவில்லை என்றாராம். அதிலிருந்து வீட்டில் அவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார்கள். சாவு என்கிற பேச்சையே அவர் காதில் போடுவதில்லை. இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியாது.

வீட்டைப் பார்த்தார்கள், கிணற்றைப் பார்த்தார்கள், மாடுகளை எண்ணினார்கள். பிறகு உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். பேச்சு மழையின் பக்கம் திரும்பியது. பேச்சு மழைக்குப் போய்விட்டால் பெண் கிடைக்காது என்று அர்த்தம். அம்மா முகம் வாடியது. இதுதான் சமயம் என்று நான் உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்தேன். பெரியவருக்குத்தானே முதல் மரியாதை. அப்பாருவின் முன்னால் குனிந்து வைத்தேன்.

சிவப்புத் தக்காளி, இடையிடையே வெள்ளைப் பால், மேலே வஞ்சனையில்லாமல் துளசி.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பூனைகூட நிமிர்ந்து பார்த்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அசந்து போயிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்பாரு தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மூணாவது தடவைக்கு நீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூமி பிளக்குமா என்று கீழே பார்த்தேன். எங்கள் வீட்டுத் தரை சாணி போட்டு மெழுகி நன்றாகவே கெட்டித்திருந்தது.

இது இத்தாலிப் பலகாரம் என்று ஏதோ உளறினேன். முள்கரண்டியை நீட்டினேன். அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, இதில் வைக்கோல் அள்ளலாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அத்தை, "அப்பா, நீங்க அதைத் தொடாதீங்க, உங்க ஒடம்புக்கு ஆகாது" என்றார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் என் கதையே வேறு. ஒரு வருஷமாக அது ஆகாது இது ஆகாது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்த மனிதர், ஒரு வில்லைத் தக்காளியைப் பால்கட்டி துளசியோடு சேர்த்துக் கையால் எடுத்து, முழுசாக வாயில் போட்டு மென்றார். எண்ணெய் மணிக்கட்டுவரை வழிந்தது.

"ஐயோ, கை நனைச்சுப்போட்டாரே" என்றார் அத்தை.

என் அம்மா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அங்கிருந்து ஒரே எட்டில் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

பிறகு நடந்தது பஞ்சாயத்து. வழக்கு: அப்பாரு தின்றது சாப்பாடா, இல்லையா. அத்தை வாதம், பச்சைக்காயைக் கடித்ததெல்லாம் கை நனைத்ததில் சேராது, அதை மாடுகூடத் தின்னும். காலையில் கன்றுக்குட்டிக்குக்கூட வைக்க மாட்டேன் என்ற என் அம்மா, "மாடு திங்கறது பருத்திக்கொட்டைங்க. இது சீமைப் பலகாரம். என்ற பையன் விடியால இருந்து கைநோவச் செஞ்சதாக்கும்" என்றாள். அப்பா, உப்புப் போட்டிருக்கிறது, உப்புப் போட்டால் அது சாப்பாடுதான் என்று ஒரு சட்டம் சொன்னார். அத்தை தட்டை மோந்து பார்த்து, இதில் பிள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசம் அடிக்கிறதே, இந்த வீட்டில் ஏது பிள்ளை என்றார். அப்பா என்னைப் பார்த்தார். சாந்தாமணியின் அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தம்பி, நீங்களே சொல்லீருங்க. இது சாப்பாடுங்களா, இல்லீங்களா?"

உண்மை என்னவென்றால், இத்தாலிக்காரர் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் தின்பார். நானும் "இது சாப்பாட்டுக்கு முன்னால..." என்று ஆரம்பித்துவிட்டேன். அம்மா என் கால் பெருவிரலை மிதித்தாள்.

"சாப்பாடுதானுங்க" என்றேன்.

"அப்ப நீங்க ஒரு வாய் தின்னு காட்டுங்க பாக்கலாம்" என்றார் அத்தை.

இங்கேதான் ஒரு சிறு சிக்கல். அந்த நிமிஷம்வரை நான் அதைத் தின்றதே இல்லை. எஸ்டேட்டில் ஸ்டோர் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. சாந்தாமணியை நினைத்துக்கொண்டு ஒரு வில்லையை வாயில் போட்டேன். கோவில் தீர்த்தத்தில் தக்காளியை ஊறவைத்து, அதைப் பச்சைக் குழந்தையின் முதுகில் தேய்த்து எடுத்த மாதிரி இருந்தது. பால்கட்டி பல்லிடுக்கில் நறநறத்தது. என்னையறியாமல் கண் மூடிக்கொண்டது. இத்தாலிக்காரர் கண்ணை மூடியது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அவரும் பாவம், ஊரைவிட்டு வந்து கஷ்டப்பட்டிருக்கிறார்.

"நல்லா இருக்குதுங்க" என்றேன். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது.

அப்பாரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்தார்.

"வாய்க்குச் சொகமில்லைங்க. ஆனா தின்னது தின்னதுதான். தின்னுபோட்டு இல்லீங்கறது எங்க ஊட்டுல பழக்கமில்லை" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "சோறுன்னு ஏதாச்சும் ஆக்கி வெச்சிருந்தா போடு கண்ணு. வாயைக் கழுவோணும்" என்றார்.

அம்மா ஆக்கி வைத்திருந்தாள். வடை பாயசத்தோடு அன்று எல்லோரும் சாப்பிட்டார்கள். பந்தியில் அதிகமாகச் சாப்பிட்டவர் அத்தை.

அந்த ஆவணியில் கல்யாணம் ஆனது. ஐம்பது வருஷம் ஆகப்போகிறது, சொந்தக்காரர்கள் யார் எங்கள் வீட்டுக்கு வந்தாலும், காப்பி டம்ளரைத் தொடுமுன், "இதைக் குடிச்சா எதுக்காச்சும் சம்மதமாயிருமுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிக்கிறார்கள். என் மகளுக்கு வரன் பேசியபோது, சம்பந்தி வீட்டார் கேட்டுக்கொண்ட ஒரே விஷயம், மாமனார் சமையலறைப் பக்கம் வரக்கூடாது என்பது. சாந்தாமணியும் எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், "எங்க அப்பாரு ரோசத்துல தின்ன ஒரு வில்லைக்கு நான் வந்து மாட்டிக்கிட்டேன்" என்றுதான் முடிப்பாள்.

ஒரே ஒருமுறை கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வருமுன் அந்த அரிசி மில்காரர் வீட்டுக்கும் போனார்களே, அங்கே என்ன வைத்தார்கள் என்று.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்.

"அல்வா, பஜ்ஜி, மிக்சர்னு தட்டு தட்டா வெச்சாங்களாமா. அத்தைக்கு நாக்குல எச்சி ஊறுச்சாமா. எங்க அப்பாரு தண்ணிகூடத் தொடலை."

அதைப் பெருமையாகச் சொன்னாளா, வருத்தமாகச் சொன்னாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கீரையில் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டாள். ஆய்ந்து கொடுத்தேன்.